ரிமோட்டுக்குத் திறக்கிறது, பட்டனுக்கு அடம் பிடிக்கிறது

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"அண்ணாச்சி, வணக்கம். நான் அப்பள வியாபாரம் பண்ணுதேன். திருநெல்வேலி டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டைக் கடைகளுக்கு வாரத்துல மூணு நாள் சரக்கு போடணும். அதுக்காகப் போன வருஷம் கேரளாவுல இருந்து 2005 மாடல் பெட்ரோல் வண்டி ஒண்ணு செகண்ட்ஹேண்டா வாங்கினேன். பின்கதவு பக்கவாட்டுல திறக்கும், ஸ்டெப்னி அதுலதான் தொங்குது. அதுக்கு மேல உள்ள கண்ணாடி மட்டும் தனியா மேலே தூக்கும். டவுன் ரத வீதியில வண்டியைச் சொருகி நிறுத்திட்டா பின்கதவைத் திறக்க இடமே கிடையாது. கண்ணாடியைத் தூக்கித்தான் அப்பளக் கட்டை எடுப்பேன். இப்போ அந்தக் கண்ணாடியைத் திறக்குற பட்டன் மக்கர் பண்ணுது. வெயில் அடிச்சா ஒண்ணு ரெண்டு தடவை வேலை செய்யும். சாரல் விழுந்தாலோ வாட்டர் சர்வீஸ் பண்ணினாலோ ரெண்டு நாளைக்கு அசையாது. பக்கத்துல ஒரு பட்டறையில காட்டினேன். கண்ணாடியைப் பிடிச்சு வைக்குற லாட்ச் போயிட்டு, செட்டோட மாத்தணும்னு சொல்லிட்டாங்க. சென்னை புதுப்பேட்டையில பழைய லாட்ச் இருக்குன்னு சொன்னாங்க, ரெண்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியிருக்கேன். இப்போதைக்குக் கண்ணாடியைப் பூட்டாம, ரெண்டு விரல் இடைவெளி விட்டு உள்ளே கயிறு போட்டுக் கட்டி ஓட்டுதேன். வெயிலோ என்னவோ, சேரன்மகாதேவி தாண்டும்போதே தலைவலி வந்துருது. ரிமோட்டுல அழுத்திப் பிடிச்சா கண்ணாடி டக்குனு திறந்துக்கிடும். ஆனா ரிமோட் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, தொலைஞ்சா வம்புன்னு வீட்டு அலமாரியிலேயே வச்சிருக்கேன். லாட்ச் வந்ததும் நானே மாட்டிக்கிடலாமா?"

தம்பி, முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். பட்டனைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் தலைவலிக்கு வெயில் காரணமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டி மாதிரி பின்பக்கம் செங்குத்தாக நிற்கும் வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று அழுத்தம் குறைகிறது. சைலன்சர் கக்கும் புகை அந்தச் சுழலில் மாட்டி வண்டியை ஒட்டியே வரும். கண்ணாடி இரண்டு விரல் திறந்திருந்தால் போதும், புகை உள்ளே வந்துவிடும். முன் ஜன்னலை இறக்கி ஓட்டினால் சில வண்டிகளில் இன்னும் அதிகமாகவே இழுக்கும். பெட்ரோல் வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நாற்றம் அடிக்கவில்லையே என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, அசதி என்றுதான் ஆரம்பிக்கும். இருபது வருடம் ஓடிய வண்டியில் சைலன்சர் கேஸ்கெட்டும் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் புதுசு போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு நாலு தடவை அம்பை ரோட்டில் வந்து பாருங்கள். அப்போதும் தலை வலித்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு, சைலன்சர் எங்கேயாவது ஓட்டையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரிமோட்டை அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பளக் கட்டைக் கட்டுகிற கயிறே போதும்.

இனிப் பட்டனுக்கு வருவோம்.

வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே "ராத்திரியில மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று சொல்கிறவர்கள் உண்டு. நீங்களும் அந்த ரகம்தான். ரிமோட்டுக்குத் திறக்கிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முக்கியமான தகவல் அதுதான். அதை அந்தப் பட்டறையில் சொல்லியிருந்தால் லாட்ச்சை மாற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மாதிரி வண்டியில் பட்டன் நேராக லாட்ச்சை இழுப்பதில்லை. பட்டனை அழுத்தினால் கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஒரு சின்ன சமிக்ஞை போகும். அது சென்ட்ரல் லாக் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிலே என்கிற மின்சார சுவிட்சைத் தட்டும். ரிலே வழியாக 12 வோல்ட் போய் லாட்ச்சில் உள்ள மோட்டார் அரை நொடி சுற்றும், கண்ணாடி விடுபடும். ரிமோட்டும் அதே கன்ட்ரோல் யூனிட்டிடம்தான் சொல்கிறது, அங்கிருந்து அதே ரிலே, அதே ஒயர், அதே மோட்டார். ஆக, ரிமோட்டுக்குத் திறந்தால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் ஒயர், மோட்டார் எர்த், லாட்ச் எல்லாமே நல்ல நிலையில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது பட்டனும் பட்டனிலிருந்து கன்ட்ரோல் யூனிட் வரை போகிற ஒயரும்தான். மழையில் கெட்டு வெயிலில் தேறுகிறது என்றால் என் பந்தயம் பட்டன் மேல்.

அந்தப் பட்டறைக்காரரைக் குறை சொல்லவில்லை. நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வண்ணார்பேட்டையில் பட்டறை போட்ட புதிதில் ஒரு டாக்டர் இதே மாதிரி வண்டி கொண்டுவந்தார். அவருக்கும் பின்கண்ணாடி திறக்கவில்லை. லாட்ச்தான் என்று அடித்துச் சொன்னேன். பத்து நாள் காத்திருந்து வரவழைத்து மாட்டினேன். திறக்கவில்லை. பட்டனைக் கழற்றினால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், பச்சைப் பசேல் என்று களிம்பு. லாட்ச் காசை வாங்க மனசு வரவில்லை. அந்தப் பழைய லாட்ச்சை ரொம்ப நாள் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தேன்.

களிம்பு என்று சொன்னேன் இல்லையா, தாமிரபரணிக்காரருக்குத் தாமிரத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்புப் பானையை ஈரத்தோடு வைத்தால் என்ன ஆகுமோ அதேதான் சுவிட்சுக்குள்ளும் நடக்கிறது. பட்டன் மேல் இருக்கிற ரப்பர் வெயிலில் காய்ந்து மயிரிழை அளவு வெடிக்கும். பெருமழை அடித்துவிட்டுப் போய்விடும், பின்னாலேயே வெயில் வந்து காய்ந்தும் விடும். பொதிகை அடிவாரத்துச் சாரல் அப்படி இல்லை, ஆனி ஆடியில் நாள் கணக்கில் ஈரத்தைக் காயவிடாது. இன்னொன்றும் உண்டு. இந்தப் பட்டன் வழியாகப் போவது மிகச் சின்ன கரண்ட். பெரிய கரண்ட் போகிற பழைய காலச் சுவிட்சில் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சின்னதாகப் பொறி தட்டி, மேலே படிந்த களிம்பை எரித்துவிடும். சின்ன கரண்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால்தான் இந்த வகைப் பட்டன் சீக்கிரம் கெடுகிறது. உவரி, இடிந்தகரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் ஒயர்களை இணைக்கிற கப்ளர்களைப் பிரித்தால் இன்றைக்கும் பச்சையாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்துவிட்டது, களிம்பு ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

பிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் செலவு செய்யுங்கள். எல்லாக் கதவும் அன்லாக் ஆகியிருக்கும்போது பட்டனை அழுத்திப் பாருங்கள். டிரைவர் கதவை மட்டும் சாவியால் திறந்துவிட்டுப் பின்னால் போய் அழுத்தினால் பல வண்டிகளில் வேலை செய்யாது, அது கோளாறு அல்ல. பின் வைப்பர் தன் இடத்தில் படுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றால் கண்ணாடியைத் திறக்க விடாத வண்டிகளும் உண்டு. இந்த இரண்டும் சரியாக இருந்தும் பட்டனுக்குக் கண்ணாடி திறக்கவில்லை என்றால் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கலாம்.

உங்கள் வண்டியில் ஒரு சௌகரியம், கண்ணாடி திறக்காவிட்டாலும் பின்கதவு திறக்கும். வீட்டு முற்றத்தில் இடம் பார்த்து நிறுத்திக் கதவை முழுக்கத் திறந்து, உட்புறம் உள்ள பிளாஸ்டிக் பேடைக் கழற்றுங்கள். காலை பத்து மணி வெயிலில் கொஞ்ச நேரம் காயவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் சூடேறினால்தான் வளைந்து கொடுக்கும், குளிர்ச்சியில் படக்கென்று ஒடியும். எப்படிச் செய்தாலும் இரண்டு ஒடியத்தான் செய்யும். நான் எப்போதும் பத்துக் கிளிப் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கிற ஸ்குரூவை மறந்துவிட்டு இழுத்தால் பேடே கிழியும். அதைத் தேடிக் கழற்றிவிட்டு ஓரத்திலிருந்து நெம்புங்கள்.

பட்டனின் கப்ளரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்ளரில் ஒரு நாக்கு இருக்கும், அதை அமுக்கிக்கொண்டு கப்ளரையே பிடித்து உருவுங்கள். நல்ல மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். அதை ஓம்ஸில் வைத்து, பட்டனின் இரண்டு பின்னிலும் முனைகளை வைத்து அழுத்துங்கள். நல்ல பட்டன் என்றால் ஒரு ஓம்முக்கும் கீழே காட்டி, அழுத்துகிற வரை அசையாமல் நிற்கும். கெட்ட பட்டனில் எண் 40, 300, 12 என்று தாவும், பலமாக அழுத்தினால் ஒன்று, மெதுவாக அழுத்தினால் வேறு ஒன்று காட்டும். மீட்டரில் 'பீப்' சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். இருபது முப்பது ஓம் இருந்தாலும் சில மீட்டர்கள் கூவிவிடும், கன்ட்ரோல் யூனிட்டுக்கு அது போதாமல் இருக்கலாம். சோதிக்கும்போது வெளியில் ரப்பர் மேல் கொஞ்சம் தண்ணீரும் தெளித்துப் பாருங்கள். வெயிலில் ஒழுங்காக நடந்துகொள்கிற பட்டன் அப்போதுதான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

மீட்டர் கைவசம் இல்லை என்றால் இன்னொரு வழி. கப்ளரில் இரண்டே ஒயர் இருந்தால், சின்ன ஒயர்த் துண்டால் அந்த இரண்டையும் ஒரு நொடி தொடுங்கள். பட்டன் செய்கிற வேலையைத்தான் அந்தத் துண்டு செய்கிறது. கண்ணாடி டக்கென்று திறந்தால் குற்றவாளி பட்டன்தான். மூன்று, நான்கு ஒயர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், நம்பர் பிளேட் லைட்டுக்கான ஒயரும் அதோடு சேர்ந்து வந்திருக்கும். தப்பான இரண்டைத் தொட்டால் ஃப்யூஸ் போகும், சில சமயம் அதைவிடப் பெரியதும் போகும்.

பட்டன்தான் என்று தெரிந்தால் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே அடித்து, முப்பது நாற்பது தடவை அழுத்தி அழுத்தி விட்டு, வெயிலில் காயவைத்து மறுபடி மீட்டரை வையுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஆகாது, ரப்பர் உப்பிவிடும். வீட்டில் செம்பு விளக்குகிற ஞாபகத்தில் புளியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பளபளப்பாகத்தான் ஆகும். ஆனால் உள்ளே தங்குகிற புளிப்பு மறுவாரமே இரண்டு மடங்கு களிம்பைக் கொண்டுவரும். கப்ளரில் உள்ள பின்களையும் அதே கிளீனரால் துடைத்துவிடுங்கள். பட்டனை மட்டும் சுத்தம் செய்துவிட்டுக் கப்ளரை விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

சுத்தம் செய்த பிறகும் எண் தாவினால் பட்டனை மாற்ற வேண்டும். கைப்பிடியோடு சேர்ந்து வருகிற பட்டன் புதிதாகக் கிடைப்பது இந்த வயது வண்டிக்குச் சிரமம். பட்டனின் பின்பக்கத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண மைக்ரோ சுவிட்ச்தான். அதே நீளம், அதே உயரம், அதே 'நார்மலி ஓப்பன்' (அழுத்தினால் மட்டும் இணைகிற) வகையில் ஒன்றைத் தேடி ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள், ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ரப்பரை அழுத்தும்போது எட்டாது.

பலர் கோட்டை விடுகிற இடம் இதற்கு அடுத்தது. சுவிட்சை மாற்றிவிட்டு, வெடித்த ரப்பரை அப்படியே விட்டால் அடுத்த சாரலுக்கு மறுபடி என் பட்டறைக்கு வருவீர்கள். ரப்பர் வெடிப்பைச் சிலிக்கான் வைத்து அடைக்கலாம். ஆனால் திறந்ததும் வினிகர் வாசம் அடிக்கிற சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது விடுகிற அமிலம் செம்பைத் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று ட்யூபில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிசாக, வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும், அதை அடைத்துவிட்டால் பட்டன் தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். வாட்டர் சர்வீஸில் கொடுக்கும்போது பட்டன் பக்கம் தண்ணீர் அடிக்கிற கன்னை நேராகக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னால் கேட்கிறார்களா என்பது வேறு விஷயம்.

மீட்டரில் பட்டன் நல்லது என்று காட்டினால்? அப்போது ஒயர்தான். பின்கதவுக்கும் பாடிக்கும் நடுவே, கீல் பக்கம், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற ஒயர்கள் மடங்கி நிமிரும். இருபது வருடத்தில் வெளித்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் இற்றுப் போயிருக்கும். ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி ஒயர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்துப் பாருங்கள். செம்பு அறுந்த ஒயர் அந்த இடத்தில் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். கதவை ஆட்டும்போது பட்டன் ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் செய்யாமல் போனாலும் இதே இடம்தான். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்ற வேண்டாம். இணைத்த இடம் விறைத்துவிடும், மடங்குகிற இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். ரப்பர் குழாயின் நீளம் முழுக்கப் புது ஒயர் போட்டு, இணைப்பு இரண்டையும் குழாய்க்கு வெளியே, ஒன்று பாடிக்குள்ளும் ஒன்று கதவுக்குள்ளும் வரும்படி வையுங்கள். மேலே, சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஒன்று அறுந்திருந்தால் பக்கத்து ஒயர்களும் அதே வயதுதான், வைப்பர் ஒயரையும் பிரேக் லைட் ஒயரையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்கு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு முன் உங்கள் ரேடியோவுக்குக் கோட் நம்பர் உண்டா என்று பழைய சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாட்டு நின்றுவிடும். வயலுக்குப் பக்கத்தில் ஷெட் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. அறுப்பு முடிந்தால் வயல் எலிக்கு ஒயரைக் கடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்பள மாவு வாசம் வேறு அதற்கு அழைப்பிதழ்.

யாராவது உங்களிடம் "இதுக்கெல்லாம் எதுக்குங்க, டேஷ்போர்டுல ஒரு ஹாரன் சுவிட்சைப் போட்டு பேட்டரியில இருந்து நேரா லாட்ச்சுக்கு இழுத்துருவோம்" என்று சொல்வார்கள். நிச்சயம் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். அந்த மோட்டார் அரை நொடி சுற்றுவதற்குச் செய்தது, விரலை எடுக்க மறந்தால் சூடாகிக் கருகும். அப்போது உண்மையிலேயே லாட்ச் மாற்ற வேண்டி வரும். டேஷ்போர்டில் ஒரு பட்டன் வேண்டும் என்று ஆசையிருந்தால், பின்னால் உள்ள பட்டனின் அதே இரண்டு ஒயருக்கு இணையாக, கன்ட்ரோல் யூனிட் வழியாகவே போடச் சொல்லுங்கள். ஓடும்போது கை பட்டுத் திறந்துவிடாதபடி கொஞ்சம் ஒதுக்கமான இடத்தில் இருக்கட்டும்.

லாட்ச்சை நீங்களே மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டத் தேவையே இல்லை. புதுப்பேட்டைக்கு இன்றைக்கே போன் போடுங்கள். பழைய சாமான் கடையில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் சண்டைதான் வரும், அதனால் பணத்தைக் கேட்காமல் சாமானை மாற்றிக் கேளுங்கள். லாட்ச் வேண்டாம், அதே மாடல் வண்டியின் பின்கைப்பிடி பட்டனோடு, கூடவே அந்த மடிப்பு ரப்பர் குழாய் வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் லாட்ச் விலை வராது, மிச்சத்துக்குக் கிளிப் பத்துப் போடச் சொல்லுங்கள். பட்டனைக் கப்ளரை ஒட்டி வெட்டிவிடாமல், கப்ளரின் எதிர்ப் பாதியும் ஒரு சாண் ஒயரும் சேர்ந்து வரும்படி வெட்டி அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் மீட்டரை வைத்து அழுத்திக் காட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் தாவினால் வேறு ஒன்று கேளுங்கள்.